சாயம்தான் என்றார்கள்

அண்ணி,

இன்று காலை அம்மா பரணிலிருந்து அந்தத் தகர டின்னை இறக்கிக்கொண்டுவந்து, நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் மேலேயே வைத்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாடை வந்துவிட்டது. தீக்குச்சியைக் கிழித்து ஊதி அணைத்ததும் மூக்கில் ஏறுமே, அந்த வாடை. நூலில் ஏறிய சாயத்தைக் கழற்றும் மருந்து. காந்தி மார்க்கெட் கடையில் ஹைட்ரோஸ் என்று கேட்டு வாங்குவீர்கள். திட்டுத்திட்டாகச் சாயம் பிடித்த நூலை வெளுத்து மறுபடி முக்க வேண்டியிருந்தால் மட்டும் அதைத் தொடுவீர்கள். வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோதான். உங்கள் கை அவ்வளவு அரிதாகத்தான் தவறியது.

"ஞாயித்துக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு. இப்பவே ஆரம்பி. நகக்கண்ணுல இருக்கறது லேசுல போகாது," என்றாள் அம்மா.

மணப்பாறையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். உங்கள் ஆண்டுப் பூசை முடியட்டும் என்று காத்திருந்து, முடிந்த மறுவாரமே அம்மா ஆள் சொல்லி அனுப்பிவிட்டாள். "காப்பி நீட்டறப்ப மூஞ்சியை அப்புறந்தான் பார்ப்பாங்க. முதல்ல கையைத்தான் பார்ப்பாங்க," என்றாள். கதவுவரை போனவள் திரும்பி நின்று, "உனக்குத்தான் இது எப்படிப் பண்றதுன்னு தெரியுமே," என்றாள்.

தெரியும். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் போன வருஷம் என்னைக் கூப்பிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். கோபமாக எழுதுகிறேன், அண்ணி. இறந்தவர்களுக்கு எழுதும்போது இனிமையாக எழுத வேண்டும் என்பார்கள். ஒரு வருஷம் முயன்று பார்த்துவிட்டேன். எனக்கு வரவில்லை.

நயா பைசா வந்த வருஷம் நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தீர்கள். ஒரு டிரங்குப் பெட்டி, அதன் மேல் இன்னொரு சின்ன மரப்பெட்டி. நகைப்பெட்டி என்று நினைத்துக்கொண்டு நான் பின்னாலேயே வந்தேன். நீங்கள் திறந்தபோது உள்ளே மடித்து வைத்த ராட்டை இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். உங்கள் அப்பா பருத்தி வியாபாரி என்றுதான் பெண் கேட்டுப் போனவர்களிடம் சொல்லியிருந்தார்களாம். அவர் சாயம் முக்குபவர் என்று கல்யாணத்துக்கு வந்த உங்கள் உறவுக்காரர் ஒருவர் பந்தியில் உட்கார்ந்து உளறிவிட்டார். அன்றிலிருந்து நீங்கள் பொய் சொல்லி வந்தவர் ஆகிவிட்டீர்கள். பொய் சொன்னவர் தரகர். கெட்ட பெயர் உங்களுக்கு.

இரண்டு வருஷம் ராட்டை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பிறகு அண்ணன் வேலை பார்த்த கம்பெனியை மூடினார்கள். அண்ணன் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போய், மதியம் அதே சட்டையோடு திரும்பி வந்த மாதங்கள் அவை. ஒரு நாள் நீங்கள் யாரிடமும் கேட்காமல் கிணற்றடிக்கும் சுவருக்கும் நடுவே குழி தோண்டினீர்கள். சால் என்று நீங்கள் சொல்லும் பெரிய மண்பானை ஒன்றைக் கழுத்தளவு மண்ணில் புதைத்தீர்கள். காட்டூர்ப் பக்கம் ரோட்டோரத்தில் முளைத்துக் கிடக்கும் தகரைச் செடியின் விதையை ஒரு கிழவியிடம் சொல்லிச் சாக்கில் வரவழைத்தீர்கள். அதை வேகவைத்து, சுண்ணாம்பும் அவுரி நீலமும் சேர்த்துச் சாலில் ஊற்றி, வாயைச் சாக்கால் மூடினீர்கள். நாலாம் நாள் கிளம்பிய நாற்றத்தில் பக்கத்து வீட்டு ஆசிரியர் குடும்பம் ஜன்னலைச் சாத்திக்கொண்டது.

"என்னம்மா இது, வீடா சாக்கடையா?" என்றாள் அம்மா.

"நாறினாத்தான் உயிரோட இருக்குன்னு அர்த்தம், அத்தை," என்றீர்கள். உங்கள் குரலில் சிரிப்பு இருந்தது. அம்மாவோடு நீங்கள் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நீங்கள் எனக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். சால் பக்கம் வந்தாலே, "போ பாப்பா, போய்ப் படி," என்று விரட்டுவீர்கள். நான் பின்கட்டு ஜன்னலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதன் விளிம்புக்கு மேலே பார்த்துத்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன். தூளியின் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி, குழந்தையை ஆட்டிக்கொண்டே நூற்பீர்கள். நூற்ற நூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டி, சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வந்து சாலில் முக்குவீர்கள். கோல் போட மாட்டீர்கள். "கோலுக்கு என்ன தெரியும்? சூடு தெரியுமா, வழவழப்பு தெரியுமா?" என்பீர்கள். முழங்கைவரை உள்ளே விட்டு, ஒரு மீனைத் தண்ணீருக்குள்ளேயே தடவிக்கொடுப்பதுபோல நூலைத் தடவுவீர்கள். வெளியே எடுக்கும்போது நூல் பச்சையாக இருக்கும். தளிர் வாழையிலைப் பச்சை. காற்றுப்பட்டதும், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்திலிருந்து நீலம் ஆகும். உலை கொதிக்கும் சத்தம் கேட்டாலும் அந்த ஒரு நிமிஷம் நீங்கள் நகர மாட்டீர்கள். அப்போது உங்கள் கையும் பச்சையாகத்தான் இருக்கும். அதுவும் கூடவே நீலம் ஆகும்.

சிக்கல் விழுந்த சிட்டத்தைப் பல்லால் கடித்துப் பிரிப்பீர்கள். அறுந்த முனையை உதட்டில் நனைத்து முறுக்குவீர்கள். அதனால் கீழுதட்டின் நடுவில் ஒரு நீலப் பொட்டு எப்போதும் இருந்தது.

அண்ணனுக்கு மறுபடி வேலை கிடைத்தது. ஆனாலும் சால் நிற்கவில்லை. நிறுத்தும்படி அம்மாவும் சொல்லவில்லை, ஏனென்றால் என் காலேஜ் சம்பளம் கட்டும் காசு அந்தச் சாலிலிருந்துதான் வந்தது. சாலை மூட வேண்டாம், உங்கள் கையை மட்டும் மூட வேண்டும் என்றாள். விருந்தாளி வந்தால் நீங்கள் சமையலறையில் இருந்துவிட வேண்டும். வெளியே போனால் முந்தானையால் கையைச் சுற்றிக்கொள்ள வேண்டும். யாராவது நூலைப் பற்றிக் கேட்டால் அண்ணன் முந்திக்கொள்வார். "மார்க்கெட்ல மொத்தமா எடுத்து விக்கறேங்க. சைடு பிசினஸ்." நீங்கள் மூன்று அடி தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மாதா கோயிலில் பூசையின்போது நன்மை அப்பம் வாங்க முழந்தாளிட்டால், கிராதியில் விரித்திருக்கும் வெள்ளைத் துணிக்கு அடியில் கையை விட்டுக்கொள்வோம் இல்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் சொன்னீர்கள். "அந்தத் துணிக்கு அடியில இருக்கற நேரம் மட்டும் என் கையும் எல்லார் கையும் ஒண்ணு, பாப்பா." சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அதில் சிரிப்பதற்கு என்ன இருந்தது?

நானும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. லைப்ரரியிலிருந்து எடுத்துவந்த புத்தகம் ஒன்றை நீங்கள் துணி மடிக்கும்போது நகர்த்தி வைத்தீர்கள். அட்டையைத் திறந்தால் முதல் பக்கத்தில் முழுசாக ஒரு கட்டைவிரல் ரேகை, நீலத்தில். நான் கத்தினேன்.

"அண்ணி, இதை நான் எப்படித் திருப்பிக் குடுப்பேன்? எத்தனை தடவை சொல்றது, என் புத்தகத்தைத் தொடாதீங்கன்னு!"

நீங்கள் முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துத் துடைக்கப் பார்த்தீர்கள். இன்னும் பரவியது. "காஞ்ச கைன்னு நெனச்சேன் பாப்பா," என்றீர்கள். அன்றிலிருந்து என் புத்தகங்களுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட ஆரம்பித்தேன். உங்கள் கையிலிருந்து காப்பாற்ற. அந்தக் கை வாங்கிக்கொடுத்த படிப்பு அது. அதைப் படித்தவள் செய்த காரியம் இது.

உங்கள் கையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்தது உலகத்தில் ஒரே ஒருவர்தான். ஸ்ரீரங்கத்து மாமி. உத்தர வீதியில் வீட்டிலேயே சடைக் குஞ்சலம் கட்டி, கோயில் வாசல் கடைகளுக்குப் போடுபவர். மாதம் இருமுறை பஸ் பிடித்து வருவார். கேட்டுக்கு உள்ளே வர மாட்டார். நீங்கள் சிட்டங்களைச் சுவர் மேல் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நிற்பீர்கள். மாமி கையோடு கொண்டுவந்த செம்பிலிருந்து ஒரு துளி தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்துக்கொள்வார். எனக்கு அதைப் பார்த்தால் எரியும். உங்களுக்கு எரியவில்லை. ஏன் என்று பிறகு புரிந்தது.

முதல் தடவை அண்ணன்தான் பேசினார். மார்க்கெட் சரக்கு என்று ஆரம்பித்தார். மாமி நூலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "கடைச் சரக்கு இப்படி இருக்குமோ? பெருமாள் மேனி மாதிரின்னா இருக்கு. யார் முக்கினதுன்னு கேட்டேன்," என்றார்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். மாமியின் பார்வை அவரைத் தாண்டி, முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு நின்ற உங்கள் மேல் விழுந்தது.

"ஏண்டிம்மா, அந்தக் கையை வெளியில எடு பார்ப்போம்."

நீங்கள் எடுத்தீர்கள். சுவருக்கு மேலே இரண்டு கையையும் நீட்டினீர்கள், பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கும்போது பிள்ளைகள் நீட்டுவதுபோல. மாமி தொடவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது போறும். இனிமே நூலைப் பார்க்க வேண்டாம், கையைப் பார்த்தே வாங்கிண்டு போயிடுவேன்."

அப்படியே செய்தார். ஒவ்வொரு முறையும் முதலில் கையைத்தான் காட்டச் சொல்வார். நகத்தோரம் கறுத்திருந்தால் சால் நன்றாக இருக்கிறது என்பார். வெளிறியிருந்தால், "என்ன, சாலுக்கு உடம்பு சரியில்லையோ? பத்து நாள் கழிச்சு வரேன்," என்று வெறுங்கையோடு போய்விடுவார். நீங்கள் அவருக்காகவே கையைத் துடைக்காமல் வைத்திருப்பீர்கள்.

இனி போன வருஷத்து ஐப்பசி. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மழை விடாமல் பெய்தது. உங்களுக்கு முதலில் இருமல். பிறகு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு மாமி நிறையக் கேட்டிருந்தார். "இதை முடிச்சுட்டுப் படுத்துக்கறேன்," என்று சாலோரத்தில் உட்கார்ந்தே இருந்தீர்கள். எனக்குப் பரீட்சை. அதே பின்கட்டு ஜன்னல், மடியில் புத்தகம். ஒரு தடவை நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினீர்கள். உங்கள் விரல்கள் என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

அது நம் நீலம் இல்லை, அண்ணி.

நம் நீலம் நகத்தின் ஓரத்தில் கோடாக இருக்கும். தோலின் ரேகைகளில் இருக்கும். நகத்தின் நடுவில் எப்போதும் கொஞ்சம் தெளிவு இருக்கும். இது நகத்துக்குக் கீழே, நகம் முழுக்க, நாவல் பழத்தின் மேல் படியும் சாம்பல் போல இருந்தது. பத்து வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து எனக்கு எத்தனையோ நீலம் தெரியும். ஒரு முக்கு முக்கிய நீலம், மூன்று முக்கு, ஏழு முக்கு, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டால்கூடச் சொல்வேன். இது அவற்றில் எதுவும் இல்லை.

"அண்ணி, நகம் என்ன வேற மாதிரி இருக்கு?"

"சால் புதுசா கலக்கினது. நீ படி பாப்பா."

நான் படித்தேன்.

அண்ணன் டாக்டரை அழைத்துவந்தது அதற்கு மறுநாள். அவர் பெயர் இங்கே வேண்டாம், அவரை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர், கேட்க வேண்டியதைக் கேட்டார். உங்கள் கையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.

"விரலெல்லாம் ஏன் இப்படி நீலமா இருக்கு? எத்தனை நாளா?"

"அது சாயம்ங்க டாக்டர்," என்றாள் அம்மா. சட்டென்று, கூச்சத்தோடு, ஏதோ அழுக்குத் துணியை விருந்தாளி கண்ணிலிருந்து இழுத்து மறைப்பதுபோல. "எப்பவும் அப்படித்தான் இருக்கும்."

"உதடு?"

"நூலைக் கடிக்கற பழக்கம். சொன்னா கேக்க மாட்டா."

"ஏதோ பொழுதுபோக்கா கலர் நூல் வச்சுக்கிட்டு..." என்றார் அண்ணன். அவர் சிரிக்கவும் சிரித்தார்.

டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்டார். "சாயம்தானாம்மா?"

நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். பிறகு அம்மாவைப் பார்த்தீர்கள். "ஆமாங்க. சாயம்தான்," என்றீர்கள்.

அவர் கையைக் கீழே வைத்துவிட்டார். சளிக்கு மருந்து எழுதிக்கொடுத்தார். மழையில் நனையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியும். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "இது சாயம் இல்லைங்க டாக்டர்." உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டிருப்பார். சாயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கும் பெண், தன் வீட்டுக் கொல்லையில் சாயச்சால் இருக்கிறது, அதன் ஒவ்வொரு நீலமும் தனக்குத் தெரியும் என்று ஒரு வெளியாளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம். அம்மாவின் வெட்கத்தை நான் கேலி செய்துகொண்டே வளர்ந்தேன். அது எனக்குள்ளும் ஏறிக் கெட்டியாகப் பிடித்திருந்தது, எத்தனை அலசினாலும் போகாத மாதிரி.

அம்மா மேல் கோபம். அந்தச் சிரிப்புக்காக அண்ணன் மேல் கோபம். என் மேல் இருக்கும் கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. ஆனால் உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதை இன்று மறைக்கப்போவதில்லை. நீங்கள் ஏன் ஆமாம் போட்டீர்கள்? பத்து வருஷமாக உங்கள் கையைப் பற்றி மற்றவர்கள் பதில் சொன்னார்கள். முதல் தடவையாக ஒருவர் உங்களிடமே கேட்டார். அந்த ஒரு தடவையும் அவர்கள் சொன்னதையே சொன்னீர்கள். மூச்சுக்குத் தவித்துக்கொண்டு சொன்னீர்கள். மாமியின் நூலை முடிக்க வேண்டும் என்றா? அம்மாவைப் பொய்க்காரி ஆக்கக் கூடாது என்றா? அல்லது நீங்களே நம்பிவிட்டீர்களா, உங்கள் உடம்பில் எது நீலமாக இருந்தாலும் அது சாயம்தான் என்று?

இரண்டாம் நாள் விடியும்போது போய்விட்டீர்கள். உங்கள் கடைக்குட்டி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்குள் அம்மா என்னைப் பின்கட்டுக்கு அழைத்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவளுக்கு உங்கள் மேல் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

"இந்தக் கையோட எப்படிப் பெட்டியில வைக்கறது? சாமியார் வருவாரு, ஊரே வரும். ஜெபமாலையைச் சுத்தினா கைதானே முதல்ல தெரியும். எலுமிச்சம்பழம் தேய்ச்சுப் பார்த்தேன், போகலை. உங்க அண்ணி ஒரு மருந்து வச்சிருந்தாளே..."

நான் வெந்நீர் வைத்தேன். பேசின் ஒன்றில் ஊற்றிச் சோடா உப்பைக் கரைத்தேன். டின்னைத் திறந்து ஒரு கரண்டி போட்டேன். உங்கள் வலது கையை அந்தப் பேசினில் இறக்கினேன். பத்து வருஷத்தில் நான் உங்கள் கையை அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. அந்த நேரத்தில் கையை எடுத்துவிட்டால் காற்றுப்பட்டு மறுபடி நீலமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். எடுத்திருக்கலாம். எடுத்து, அப்படியே விட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தேய்த்தேன். இரண்டு தடவை தண்ணீர் மாற்றினேன். விரல் விரலாக, நகக்கண்ணில் வேப்பங்குச்சி விட்டு எடுத்தேன். காரியம் செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதை உங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒழுங்காகச் செய்தேன்.

கை வெளுத்தது. ஓரத்துக் கோடு போயிற்று. ரேகை போயிற்று. மூச்சு போதாமல் நகத்துக்கு அடியில் ஏறியிருந்த சாம்பல் நீலம் மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னும் போகலையே. இன்னொரு கரண்டி போடு," என்றாள் அம்மா.

"அது சாயம் இல்லைம்மா."

"என்ன?"

"அது சாயம் இல்லை. அன்னிக்கும் அது சாயம் இல்லை."

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது, அண்ணி. அவள் முகத்தில் அதைப் பார்த்தேன். ஆனால் அவள் குனிந்து, என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, தானே டின்னிலிருந்து அள்ளிப் போட்டாள். போட்டுவிட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். இறந்தவர்கள் எல்லாருக்கும் நகம் அப்படித்தான் ஆகும் என்று பின்னால் ஒருத்தர் எனக்குச் சமாதானம் சொன்னார். ஆகலாம். நான் மூன்று நாள் முன்பே ஜன்னல் கம்பியில் பார்த்துவிட்டேனே.

மதியம் மாமி வந்தார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. வழக்கம்போலக் கேட்டருகே நின்றார். மழை பெய்தது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நம் வீட்டுப் படியை அவர் மிதித்தது அன்றுதான். பெட்டியருகே வந்து, உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, ஜெபமாலை சுற்றிய கையைத்தான் குனிந்து பார்த்தார். சுவரருகே பார்ப்பாரே, அதே மாதிரி, வெகுநேரம்.

"இது யாரு கை?" என்றார்.

அம்மா கைக்குட்டையை எடுத்து உங்கள் விரல்கள் மேல் போட்டாள். மாமி நிமிர்ந்து அங்கிருந்த ஒவ்வொருவராகப் பார்த்தார். என் விரல்கள் ஹைட்ரோஸில் ஊறிச் சுருங்கியிருந்தன. அதைப் பார்த்துவிட்டார்.

"நீயா கழட்டினே?"

தலையாட்டினேன்.

"நன்னா கழட்டியிருக்கே. தொழில் தெரிஞ்ச கைதான்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கல்லறையிலிருந்து திரும்பிய எட்டாம் நாள் நான் சாலின் சாக்கை விலக்கினேன். நாற்றம் இருந்தது. உயிர் இருந்தது. நீங்கள் நூற்று வைத்துப் போன சிட்டங்களை முழங்கைவரை விட்டு முக்கினேன். அம்மா கத்தினாள். சுவர் மேல் நூலை வைத்துவிட்டு நின்றபோது மாமி, "கையைக் காட்டு," என்றார். நீட்டினேன். "இன்னும் வெளுப்புதான். ஆகட்டும்," என்று எடுத்துக்கொண்டார். தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் எடுத்தார். மாமி மாமிதான்.

ஒரு வருஷமாயிற்று. என் நகத்தோரம் கறுத்திருக்கிறது.

இவ்வளவும் காலையில் எழுதியது. இப்போது மதியம் மூன்று மணி. இடையில் ஒரு காரியம் செய்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மார்கழிக் குளிரில் சால் ஒரு வாரமாகத் தூங்குகிறது. கிளறினால் நுரை இல்லை, மேலே அந்தச் செம்பு நிற ஏடு இல்லை. மாமிக்கு ஏகாதசிக்கு முன் நூல் வேண்டும். பெரிய ஊர்களில் சாலை எழுப்ப ஹைட்ரோஸைத்தான் போடுகிறார்கள் என்று உங்களிடம் ஒருமுறை படித்துச் சொன்னேன். "அது ஆஸ்பத்திரிச் சால். மருந்துல பொழைக்கறது. நம்மளுக்கு வேண்டாம்," என்றீர்கள். கழற்றுவதற்கு மட்டும்தான் அந்த மருந்து என்பது உங்கள் சட்டம்.

உங்கள் சட்டத்தை மீறினேன். தண்ணீர் காய்ச்சி ஊற்றி, சுண்ணாம்பு கரைத்து, அம்மா என் புத்தகத்தின் மேல் வைத்த டின்னை அப்படியே சாலில் கவிழ்த்தேன். அடியில் கட்டி தட்டியிருந்ததைச் சுரண்டியும் போட்டேன். சாக்கால் மூடிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாக்கை விலக்கியபோது தண்ணீர் உள்ளுக்குள் பச்சையாகத் தெளிந்திருந்தது. மேலே ஏடு. இரண்டு கையையும் விட்டேன்.

அம்மா பின்கட்டுக்கு வந்து காலி டின்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். அது அப்போதுதான் பச்சையிலிருந்து மாறிக்கொண்டிருந்தது.

"இனிமே எதை வச்சுடி கழட்டுவே?"

"எதுவும் இல்லைம்மா. தீர்ந்துபோச்சு."

அவள் டின்னை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போன வருஷம் அந்தப் பேசின் பக்கத்தில் குனிந்திருந்தபோது இருந்த முகம். "நான் அன்னிக்குச் சும்மா இருந்திருக்கணும்," என்றாள் மெதுவாக. எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. நான் அவளுக்கு ஆறுதலும் சொல்லவில்லை. நான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, அண்ணி. வருவேனா என்றும் தெரியாது.

இந்தத் தாளின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை விழுந்துவிட்டது. காய்ந்த கை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காப்பியை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். விரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அண்ணன் தொண்டையைக் கனைப்பார். அம்மா வாயைத் திறப்பாள். அவர்கள் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுவேன், சாயம்தான், நான் முக்கியது என்று.